தீவுக் களப்பணிக்கேற்ற மாறு பெருக்கத் தொலைநோக்கி

அந்தமான் நிக்கோபார் தீவுகள் வடக்கு தெற்காக 700 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கின்றன. அவற்றின் நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் காடு. அங்குப் பணியாற்றும் வனத்துறைக் களப்பணியாளரும், மாணவர்களுடன் இயற்கையைக் காணச் செல்லும் ஆசிரியரும் பெரும்பாலும் தொலைவிலிருந்தே உயிரினங்களைப் பார்க்க நேர்கிறது. சதுப்பிலும் சேற்றிலும் இறங்கி நடத்தல் எளிதன்று. நடந்தாலும் பறவை பறந்துவிடும். ஆகவே இவ்வகைப் பணிக்குத் தொலைநோக்கி இன்றியமையாத கருவியாகின்றது.

இன்று கிடைக்கும் தொலைநோக்கிகளில் பெரிதும் விரும்பப்படுவது மாறு பெருக்கத் தொலைநோக்கி. கடைகளில் இதனை ‘ஜூம்’ என்பர். ஒரு வளையத்தைத் திருப்பினால் உருப்பெருக்கம் 20 மடங்கிலிருந்து 60 மடங்கு வரை கூடும். வாங்குவோர் பலர் அந்த 60 என்னும் எண்ணையே முதலில் பார்க்கின்றனர். பெரிய எண்ணுடைய கருவியே சிறந்த கருவி என எண்ணுவது இயல்பே. ஆயினும் தீவுகளின் ஒளியிலும் காற்றிலும் ஈரத்திலும் அக்கருவி எவ்வாறு வேலை செய்யும் என்பதை அந்த எண் கூறுவதில்லை. அதனைக் கூறும் வேறு எண்கள் உள்ளன. அவற்றை அறிந்து தேர்ந்தெடுக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகின்றது.

பதிவின் மதிப்பு

தேர்வில் ஏற்படும் பிழை பணச்செலவோடு நின்றுவிடுவதில்லை. களப்பணியாளர் எழுதும் ஒவ்வொரு பதிவும் பின்வரும் ஆண்டுகளுக்கு அளவுகோலாகின்றது. நிக்கோபார் தீவுகளில் மெகபோடு என்னும் பறவை மண்ணையும் இலைச் சருகையும் குவித்து, மேடாக்கி, அதனுள் முட்டையிடுகின்றது. கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் அமைந்த சாலிம் அலி பறவையியல், இயற்கை வரலாற்று நிலையத்தின் அறிவியலார் ரவி சங்கரன் 1990களில் தீவு தீவாகச் சென்று அம்மேடுகளைக் கணக்கிட்டார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கடற்கரையை ஒட்டியிருந்த மேடுகளில் பெரும்பகுதியை அழித்தது. முன்னரே கணக்கு இருந்தமையால்தான் பின்னர் நேர்ந்த இழப்பு எவ்வளவு என அளக்க முடிந்தது. முதற் கணக்கு தவறாக இருந்திருப்பின் இரண்டாவது கணக்கும் பயனற்றதாகியிருக்கும்.

தொலைநோக்கியால் எழுதப்படும் பதிவுகளுக்கும் இஃது முற்றும் பொருந்தும். இரண்டு எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

முதலாவது, நார்கொண்டம் இருவாட்சி. அந்தமானுக்குக் கிழக்கே தனித்து நிற்கும் நார்கொண்டம் என்னும் எரிமலைத் தீவின் பரப்பு ஏறத்தாழ 7 சதுர கிலோமீட்டர். உயரம் ஏறத்தாழ 710 மீட்டர். உலகில் வேறெங்கும் இல்லாத இருவாட்சி இனம் ஒன்று இங்கு வாழ்கின்றது. இதன் ஆணுக்குத் தலையும் கழுத்தும் செம்பழுப்பு நிறம். பெண்ணுக்கு அவை கருமை. வால் இரண்டிற்கும் வெண்மை. ஆகவே ஆண் எத்தனை, பெண் எத்தனை என்னும் கணக்கு முழுவதும் ஒரு நிற வேறுபாட்டையே நம்பியிருக்கின்றது. மரநிழலில், ஒளி குறைந்த கருவியில், செம்பழுப்பு இருண்டு கருமையாகத் தோன்றக்கூடும். அப்பொழுது ஆண் பறவை ஏட்டில் பெண்ணாகிவிடும்.

இரண்டாவது, வலசை வரும் கரைப்பறவைகள். தெற்கு அந்தமானில் ஸ்ரீ விஜயபுரத்தை அடுத்துள்ளது சிப்பிகாட். (2024 செப்டம்பர் வரை இந்நகரின் பெயர் போர்ட் பிளேர்.) 2004ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் இப்பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது, வயல்களில் கடல்நீர் புகுந்தது. பயிர் விளைந்த நிலம் சதுப்பாயிற்று. இன்று அங்கு உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் இரை தேடுகின்றன. இத்தகைய பறவைகளின் காலில் ஆராய்ச்சியாளர் சில வேளைகளில் வண்ணக் கொடி போன்ற சிறு பட்டையை இடுவர். பட்டையின் நிறம் பறவைக்கு அடையாளமிட்ட இடத்தையும், அதிலுள்ள எழுத்துக்கள் தனிப் பறவையையும் குறிக்கும். ஓர் எழுத்தைத் தவறாகப் படித்தால் ஒரு பறவையின் பயணவழி மற்றொரு பறவையின் கணக்கில் ஏறிவிடும்.

முதற் பணிக்கு ஒளி வேண்டும். இரண்டாம் பணிக்கு நுண்விவரம் வேண்டும். இரண்டையும் எந்த அளவிற்கு ஒரே கருவி தரவல்லது?

எண்களைப் படிக்கும் முறை

தொலைநோக்கியின்மேல் 20–60×80 எனப் பொறித்திருந்தால், முன்னிரண்டு எண்கள் உருப்பெருக்கத்தின் கீழெல்லையும் மேலெல்லையும் ஆகும். இறுதி எண் முன்புறத்திலுள்ள பொருளருகு லென்சின் விட்டம், மில்லிமீட்டரில். 60 மடங்கு பெருக்கம் என்றால் 600 மீட்டர் தொலைவிலுள்ள பறவை 10 மீட்டரில் நிற்பது போன்ற அளவில் தெரியும் என்பது பொருள். அளவு மட்டுமே அவ்வாறு தெரியும். தெளிவும் அவ்வாறே இருக்கும் என்பது பொருளன்று.

லென்சின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் மூன்றாவது எண் ஒன்று கிடைக்கின்றது. கருவியின் பின்புறத்தில் வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டமே அது. கருவியை வானை நோக்கித் திருப்பி, கண்ணிலிருந்து ஓரடி தள்ளிப் பிடித்துப் பார்த்தால் கண்ணருகு லென்சில் ஒரு சிறு வெண்வட்டம் தெரியும். அதனை இங்கு ஒளிவட்டம் என்போம். களப்பணிக்குக் கருவி பொருந்துமா என்பதை இந்த ஒளிவட்டமே பெரிதும் தீர்மானிக்கின்றது.

80 மி.மீ. லென்சுடைய கருவியில் 20 மடங்கில் ஒளிவட்டம் 4 மி.மீ.; 40 மடங்கில் 2 மி.மீ.; 60 மடங்கில் 1.3 மி.மீ. 60 மி.மீ. லென்சுடைய கருவியில் 20 மடங்கில் 3 மி.மீ.; 30 மடங்கில் 2 மி.மீ.; 60 மடங்கில் 1 மி.மீ. மட்டுமே.

மனிதனின் கண்பாவை நல்ல பகலொளியில் 2 முதல் 3 மி.மீ. விட்டத்திற்குச் சுருங்கும். ஒளி குறையக் குறைய அது விரியும். இளைஞர்க்கு 7 மி.மீ. வரையிலும், ஐம்பது வயதினர்க்கு 5 மி.மீ. அளவிலும் விரிதல் இயல்பு. கண்பாவையைவிட ஒளிவட்டம் சிறுத்தால், பாவையின் ஒரு பகுதியே ஒளி பெறும், உரு மங்கும். வைகறையில் கண்பாவை 5 மி.மீ. விரிந்திருப்பதாகக் கொள்வோம். 80 மி.மீ. கருவியில் 20 மடங்கில் தெரியும் உருவின் ஒளிர்வு, வெறுங்கண்ணுக்குத் தெரிவதில் நூற்றில் 64 பங்கு. வளையத்தை 60 மடங்கிற்குத் திருப்பியதும் அது நூற்றில் 7 பங்காகக் குறைந்துவிடும். நார்கொண்டத்தின் காட்டு நிழலில் செம்பழுப்பும் கருமையும் ஒன்றாகத் தோன்றுவதற்கு இக்கணக்கே காரணம்.

தீவுகளில் இதற்குத் தனிச்சிறப்பு உண்டு. இந்திய நேரம் 82½ பாகைக் கிழக்கு நெடுங்கோட்டைக் கொண்டு கணிக்கப்படுவது. அந்தமான் தீவுகளோ ஏறத்தாழ 92¾ பாகையில் உள்ளன. எனவே அங்குக் கதிரவன் கடிகாரத்தைவிட ஏறத்தாழ 40 நிமிடம் முந்தி உச்சியடைகின்றான். ஜூன் மாதத்தில் காலை 5 மணியளவில் விடிந்து, மாலை 6 மணிக்கு முன்னரே பொழுது சாய்ந்துவிடும். அலுவலக நேரம் முடிந்தபின் சதுப்பிற்குச் செல்பவருக்குக் கிடைப்பது மங்கும் ஒளியே. பறவைகள் மிகுதியாக இயங்குவதும் வைகறையிலும் மாலையிலுமே. ஆகையால் இங்குத் தேர்ந்தெடுக்கும் கருவி குறைந்த ஒளிக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும்.

நுண்விவரத்தின் எல்லை

பெருக்கத்தைக் கூட்டினால் கூடுதல் நுண்விவரம் தெரியும் என்பது ஓர் எல்லைவரையில் உண்மை. அவ்வெல்லையை வகுப்பது லென்சின் விட்டம். ஒளி அலைவடிவினது ஆகையால், லென்சு எத்துணைச் செம்மையாகச் செய்யப்பட்டிருப்பினும், மிக நெருங்கிய இரு புள்ளிகளை அது ஒன்றாகவே காட்டும். வானியலார் கையாளும் விதி ஒன்று உண்டு: 116 என்னும் எண்ணை லென்சின் மி.மீ. விட்டத்தால் வகுத்தால், அது பிரித்துக் காட்டவல்ல மிகச் சிறிய கோணம், வில் விநாடிகளில் கிடைக்கும். 60 மி.மீ. லென்சிற்கு அது ஏறத்தாழ 1.9 விநாடி, 80 மி.மீ. லென்சிற்கு 1.45 விநாடி.

நல்ல பார்வையுடைய கண் பிரித்துணரும் கோணம் ஒரு கலை, அதாவது 60 விநாடி. லென்சின் 1.45 விநாடியைக் கண்ணின் 60 விநாடியாக ஆக்குவதற்கு வேண்டிய பெருக்கம் ஏறத்தாழ 40 மடங்கு. 80 மி.மீ. கருவியில் 40 மடங்கு, 60 மி.மீ. கருவியில் 30 மடங்கு. அஃதாவது, விட்டத்தின் மி.மீ. எண்ணில் பாதி. அதற்கு மேலும் பெருக்கினால் உரு பெரிதாகும். புதிய விவரம் தோன்றாது. ரப்பர் பலூனில் எழுதிய எழுத்தை ஊதிப் பெருக்குவது போன்றதே அது.

இவ்விதியால் பெறும் பெருக்கத்தில் ஒளிவட்டம் எப்பொழுதும் 2 மி.மீ. ஆக இருப்பதைக் காணலாம். பகலொளியில் கண்பாவையின் விட்டமும் ஏறத்தாழ அதுவே. ஆகவே களப்பணியாளர் நினைவில் வைக்கவேண்டிய எண்கள் இரண்டே: பகலில் ஒளிவட்டம் 2 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். காட்டு நிழலிலும் அந்தியிலும் 4 மி.மீ. அளவில் வைத்துக்கொள்க.

இவ்வாறு பார்த்தால் 80 மி.மீ. கருவி 200 மீட்டர் தொலைவில், காற்று அமைதியாக இருக்குங்கால், ஏறத்தாழ 1½ மி.மீ. அளவுள்ள விவரத்தைக் காட்டவல்லது. பறவையின் காற்பட்டையில் 2 மி.மீ. தடிப்புள்ள எழுத்துக் கோடு இருப்பின், அத்தொலைவில் படித்தல் கூடும். 400 மீட்டரில் கூடாது. 60 மடங்கிற்கு வளையத்தைத் திருப்பினாலும் கூடாது. அந்நிலையில் செய்யத்தக்கது வேறு: கடலேற்றத்திற்குக் காத்திருத்தல். நீர் ஏற ஏறச் சேற்றுப்பரப்பு மூழ்கும். பறவைகள் கரையை நெருங்கும். தொலைவு பாதியாகும்பொழுது, ஒளி இழப்பின்றி, பெருக்கம் இரட்டித்த பயன் கிடைக்கின்றது. பறவைக்கும் இடையூறில்லை.

பார்வைப் புலமும் நடுக்கமும்

பெருக்கம் கூடும்பொழுது ஒரே நேரத்தில் கண்ணுக்குப் புலனாகும் பரப்பு சுருங்குகின்றது. வழக்கமான 20–60 கருவி ஒன்று 20 மடங்கில் ஏறத்தாழ 2 பாகையும், 60 மடங்கில் ஏறத்தாழ 1 பாகையும் காட்டும். 100 மீட்டர் தொலைவில் 2 பாகை என்பது 3½ மீட்டர் அகலம்; 1 பாகை 1¾ மீட்டர். பறக்கும் பறவையையோ கிளைக்குள் தாவும் பறவையையோ அச்சிறு வட்டத்திற்குள் பிடிப்பது அரிது. எனவே முதலில் குறைந்த பெருக்கத்தில் தேடி, பறவையை நடுவில் நிறுத்தி, பின்னரே வளையத்தைத் திருப்புதல் முறை. மாறு பெருக்கத்தின் உண்மையான பயன் இதுவே.

கருவியின் பெருக்கம் கையின் நடுக்கத்தையும் அதே மடங்கு பெருக்குகின்றது. வெறுங்கையில் 8 அல்லது 10 மடங்கிற்கு மேல் பயனில்லை. தரையில் உறுதியான முக்காலி வேண்டும். கருவிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை முக்காலிக்கென முன்னரே பிரித்து வைத்தல் நன்று. காற்றில் அதிரும் மெல்லிய முக்காலியின்மீது வைத்த உயர்ந்த கருவியைவிட, கனத்த முக்காலியின்மீது வைத்த நடுத்தரக் கருவி அதிகம் காட்டும். கடற்கரைக் காற்றில் கால்களைக் குறைத்து, அமர்ந்து பார்ப்பதும், முக்காலியின் நடுவில் ஒரு பை மணலைக் கட்டித் தொங்கவிடுவதும் எளிய உதவிகள்.

படகின்மேல் முக்காலியும் பயன்படாது. இயந்திர அதிர்வும் அலையும் உருவைச் சிதைத்துவிடும். அங்கு இருகண் நோக்கியே தக்கது. கடலோடிகள் நெடுங்காலமாக 7×50 என்னும் அளவையே விரும்பி வந்திருப்பதன் காரணம், அதன் ஒளிவட்டம் 7 மி.மீ. என்பதைக் கணக்கிட்டால் விளங்கும்.

குறிசுடும் விளையாட்டு தரும் பாடம்

மாறு பெருக்கத் தொலைநோக்கியின் நிறைகுறைகளை மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர்களுள் துப்பாக்கி சுடும் போட்டியாளரும் உள்ளனர். அவர்களுடைய பட்டறிவு நமக்கும் பயன்படும்.

முதலில் ஒன்றைக் கருதுக. ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் உருவைப் பெருக்கும் தொலைநோக்கியைத் துப்பாக்கியில் பொருத்த இடமில்லை. சிறு துளை வழியே பார்க்கும் எளிய அமைப்பே அங்கு வழக்கம். 10 மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர். 50 மீட்டரில் அது 10.4 மி.மீ. அபினவ் பிந்திரா 2008இல் பெய்ஜிங்கில் பெற்ற தங்கமும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் பெற்ற வெண்கலமும், ஸ்வப்னில் குசாலே 2024இல் பாரிசில் பெற்ற வெண்கலமும் பெருக்கமின்றிக் குறிபார்த்துப் பெற்றவையே. உறுதியான நிலையும் மாறாத ஒளியும் அமையுமாயின், பெருக்கம் இல்லாமலேயே கண் எத்துணைச் செய்யவல்லது என்பதற்கு இது சான்று.

தொலைநோக்கியைத் துப்பாக்கியில் பொருத்திச் சுடும் போட்டிகளும் உண்டு. கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபார்குவர்சன் என்பாரின் பெயரால் ‘எஃப்’ வகுப்பு எனப்படும் நெடுந்தொலைவுப் போட்டி அவற்றுள் ஒன்று. ஆயிரம் கெஜம் வரையில் சுடும் இப்போட்டியில் மாறு பெருக்க நோக்கிகள் பெரிதும் வழங்குகின்றன. நிலம் சூடேறிக் கானல் அலையத் தொடங்கியதும், பட்டறிவுடைய போட்டியாளர் வளையத்தைத் திருப்பிப் பெருக்கத்தைக் குறைக்கின்றனர். உயர்ந்த பெருக்கம் குறியை மட்டுமன்றி, இடையிலுள்ள காற்றின் கொதிப்பையும் பெருக்குகின்றது என்பதை அவர்கள் அறிவர். வளையத்தை எப்பொழுது கீழே திருப்புவது என்னும் இவ்வறிவே நாம் அவர்களிடமிருந்து கற்கவேண்டியது.

துப்பாக்கி நோக்கியில் கவனிக்கும் பிற கூறுகளுள் சில நமக்கு வேண்டுவன அல்ல. அதன் உள்ளே குறுக்குக் கோடுகள் உண்டு. கண் சற்று விலகினால் கோடு குறியைவிட்டு நகர்வது போலத் தோன்றும்; இவ்விடமாறு தோற்றத்தை நீக்க ஒரு திருகு இருக்கும். கோடு பெருக்கத்தோடு கூடவே வளருமா, வளராதா என்பதும் அவர்களுக்கு முக்கியம். வளராத வகையில், கோட்டைக் கொண்டு அளக்கும் அளவு ஒரே ஒரு பெருக்கத்தில்தான் சரியாக இருக்கும். குறுக்குக் கோடில்லாத களத் தொலைநோக்கியில் இவ்விரு கவலையும் இல்லை. ஆதலின் இவற்றிற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டுவதில்லை.

பாதுகாப்பு பற்றியும் ஒன்று கூறவேண்டும். துப்பாக்கியில் பொருத்திய நோக்கியால் ஒன்றைப் பார்ப்பது என்பது துப்பாக்கியையே அதன்மேல் நீட்டுவதாகும். பார்ப்பதற்கென எவரும் அதனைப் பயன்படுத்தலாகாது. பார்வைக்குத் தனிக் கருவி வேண்டும்.

கானலும் கடிகாரமும்

மணலும் தார்ச்சாலையும் சூடேறியதும் அவற்றை ஒட்டிய காற்று அடுக்கடுக்காக வெவ்வேறு அடர்த்தி பெறுகின்றது. ஒளி அவ்வடுக்குகளில் வளைந்து வளைந்து வருவதால் உரு நெளிகின்றது. லென்சின் தரம் எவ்வளவு உயர்ந்ததாயினும் இதனைத் தடுக்காது. முன்னர்க் கூறியவாறு தீவுகளில் உச்சிப்பொழுது ஏறத்தாழ 11.20 மணிக்கே வந்துவிடுவதால், கானலும் கடிகாரப்படி முன்னரே தொடங்கும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற பணியாளர் தம் ஊர் வழக்கப்படி காலை 9 மணிக்குத் தொடங்கினால், வெயிலின் அளவில் அது 9.30 மணிக்கும் பிந்தியது. எழுத்தைப் படிக்கும் பணியை விடிந்த முதல் இரண்டு மணி நேரத்திலும், மாலையில் வெயில் தாழ்ந்த பின்னரும் வைத்துக்கொள்வது நன்று. இடைப்பொழுதில் 20 அல்லது 25 மடங்கில் எண்ணிக்கை மட்டும் எடுக்கலாம். தரையிலிருந்து சற்று உயரமான இடத்தில் நின்று பார்த்தால் சூடான அடுக்கின் தொல்லை ஓரளவு குறையும்.

ஈரம், உப்பு, பூஞ்சை

தீவுகளில் ஆண்டிற்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பெய்கின்றது. காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதியும் நூற்றுக்கு 80 பங்கை ஒட்டியே நிற்கும். நூற்றுக்கு 70 பங்கிற்கு மேல் ஈரம் தொடர்ந்து இருக்குமாயின் லென்சின்மேல் பூஞ்சை வளரத் தலைப்படும். முதலில் சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் தோன்றும். அவை வெளியிடும் அமிலம் லென்சின் மேற்பூச்சையும், பின்னர்க் கண்ணாடியையுமே அரிக்கும். அரிப்பு ஏற்பட்டபின் துடைத்துப் பயனில்லை. நல்ல தொலைநோக்கி பெட்டிக்குள் இருந்தவாறே கெடுவது பெரும்பாலும் இவ்வாறே.

மாறு பெருக்கக் கருவிக்கு இவ்வகையில் இடர் சற்று மிகுதி. பெருக்கத்தை மாற்றுவதற்காகக் கண்ணருகு லென்சுத் தொகுதியினுள் சில லென்சுகள் முன்னும் பின்னும் நகர்கின்றன. நகரும் பகுதி உள்ள இடத்தில் காற்று புகும் வழியும் இருக்கலாம். ஆகவே உள்ளே உலர்ந்த நைட்ரஜன் நிரப்பி, ரப்பர் வளையங்களால் அடைக்கப்பட்ட கருவியையே தேர்க. உடற்பகுதி மட்டுமன்றிக் கண்ணருகு தொகுதியும் அவ்வாறு அடைக்கப்பட்டதா எனத் தனியே கேட்டறிதல் வேண்டும். ‘ஐபிஎக்ஸ் 7’ எனக் குறித்திருப்பின், ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் இருந்தும் நீர் புகாதது என்பது பொருள். படகிலிருந்து அலையில் இறங்கிக் கரையேறும் இடங்களில் இது மிகைப்பட்ட எச்சரிக்கை அன்று.

பராமரிப்பு எளிதே, ஆனால் தவறாது செய்யவேண்டும். கடற்சாரல் பட்ட லென்சை உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புத்துகள் கீறும். அடைக்கப்பட்ட கருவியாயின் முதலில் நன்னீரால் மெல்லக் கழுவி, பின்னர் மெல்லிய துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். தோலுறையிலும் ஈரத்துணிப் பையிலும் வைத்துப் பூட்டலாகாது. காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் உடன் வைத்து, அதன் நிறம் மாறியதும் சூடேற்றி உலர்த்தி மீண்டும் வைக்கவேண்டும். மின்வசதி உள்ள அலுவலகத்தில், ஈரப்பதத்தை நூற்றுக்கு 40 முதல் 50 பங்கு அளவில் நிறுத்தும் உலர்பெட்டி ஒன்று வாங்கி வைத்தால் பல கருவிகளைக் காக்கலாம்.

மாறு பெருக்கமா, நிலைபெருக்கமா?

பெருக்கம் மாறாத 25 அல்லது 30 மடங்குக் கண்ணருகு தொகுதியும் பல கருவிகளுக்குக் கிடைக்கின்றது. அதே பெருக்கத்தில் அது மாறு பெருக்கத் தொகுதியைவிட அகன்ற புலம் காட்டும், லென்சுகள் குறைவு, நகரும் உறுப்பு இல்லை. காட்டுப் பறவைகளை மட்டும் பார்ப்பவருக்கு இதுவே போதும். சதுப்பிலும் கடற்கரையிலும் பணியாற்றுபவருக்கு மாறு பெருக்கம் பயன் தரும். தேடுதலும் உற்றுநோக்குதலும் அங்கு மாறி மாறி நிகழ்வதே காரணம்.

லென்சின் விட்டத்தைப் பொறுத்தவரை, சுமந்து நெடுந்தூரம் நடப்பவருக்கு 65 மி.மீ. தக்கது, சாலையோரத்திலும் காவல் நிலைகளிலும் நின்று பார்ப்பவருக்கு 80 மி.மீ. தக்கது. கண்ணாடி அணிபவர், கண்ணருகு லென்சிற்கும் கண்ணிற்கும் இடையே 16 மி.மீ.க்குக் குறையாத இடைவெளி தரும் கருவியைத் தேர்க. குறைந்த நிறப்பிரிகை உடைய கண்ணாடியால் செய்த லென்சு, வானப் பின்னணியில் பறவையின் விளிம்பில் தோன்றும் ஊதா, பச்சைக் கோடுகளைக் குறைக்கும். இருவாட்சியின் வெண்வால் போன்றவற்றை உயர்ந்த பெருக்கத்தில் காண்பவருக்கு இது பயனுடையது. 25 மடங்கில் பார்ப்பவருக்கு இதன் பயன் குறைவு.

கொள்முதல் குறிப்பு எழுதும் அலுவலர் ‘60 மடங்கு’ என்று மட்டும் எழுதினால், 50 மி.மீ. லென்சில் 60 மடங்கு காட்டும் மலிவான கருவியும் அக்குறிப்பிற்குப் பொருந்திவிடும். அதன் ஒளிவட்டமோ 0.8 மி.மீ. மட்டுமே. ஆதலின் லென்சின் விட்டம், கீழ்ப்பெருக்கத்தில் ஒளிவட்டம், நைட்ரஜன் நிரப்பு, நீர்க்காப்பு, கண்ணிடைவெளி, முக்காலி, உலர்பெட்டி ஆகியவற்றை முறையே எழுதி, பெருக்கத்தை இறுதியில் எழுதுக.

வாங்குமுன் செய்யத்தக்க சோதனை

வெள்ளைத் தாளில் 1 மி.மீ. தடிப்புள்ள கருங்கோடுகளை, 1 மி.மீ. இடைவெளி விட்டு வரைந்து, 100 மீட்டர் தொலைவில் காலை வேளையில் நிறுத்துக. நல்ல கருவியில், நல்ல பார்வையுடையவர்க்கு, 30 மடங்கை ஒட்டிக் கோடுகள் பிரிந்து தெரியவேண்டும். பின்னர் வளையத்தை 60 மடங்கிற்குத் திருப்புக. உரு பெரிதாகி, ஆனால் விளிம்பு குழைந்து தோன்றினால், அக்கருவியின் மேற்பெருக்கம் பெயரளவினதே. அதே தாளை மாலையில் மரநிழலில் வைத்து மீண்டும் பார்க்க. இறுதியாக, முன்புறத்திலிருந்து சிறு விளக்கொளியைச் செலுத்தி உட்புறத்தை நோக்குக. தூசு, இழை, நீராவிப் படலம் இருப்பின் தெரிந்துவிடும்.

இச்சோதனைகளை உயர்நிலைப் பள்ளியில் ஒளியியல் பாடத்தோடு இணைத்துச் செய்யலாம். மாணவர் ஒளிவட்டத்தை ஒரு தாளில் ஏற்று, அளவுகோலால் அளந்து, லென்சின் விட்டத்தை அதனால் வகுத்து, பெருக்கத்தைத் தாமே கண்டறியட்டும். வளையத்தில் பொறித்த எண்ணோடு அதனை ஒப்பிடுக. பாடநூலின் சமன்பாடு கையிலுள்ள கருவியில் மெய்ப்படுவதைக் காணும் மாணவர் அதனை எளிதில் மறவார். எக்காரணம் பற்றியும் தொலைநோக்கியைக் கதிரவன்பால் திருப்பலாகாது என்பதை ஆசிரியர் முதலிலேயே வலியுறுத்த வேண்டும். நொடிப்பொழுதில் பார்வை கெடும்.

ஏட்டில் எழுதும்பொழுது

நல்ல கருவி கையிலிருப்பினும், தெளிவாகத் தெரியாததைத் தெரிந்ததாக எழுதுதல் கூடாது. காற்பட்டையின் மூன்று எழுத்துக்களில் இரண்டே தெரிந்தால், இரண்டை எழுதி, மூன்றாமிடத்தை வெற்றிடமாக விடுக. கைபேசியின் ஒளிப்படக் கருவியைக் கண்ணருகு லென்சில் பொருத்தி ஒரு படம் எடுத்து வைத்தல் நல்ல சான்று. பார்த்த பெருக்கம், தொலைவு, மணி, ஒளியின் நிலை ஆகியவற்றையும் உடன் குறித்தால், பின்னர் அப்பதிவைப் பயன்படுத்துவோர் அதன் உறுதியை மதிப்பிட இயலும். ‘இருவாட்சி, பாலினம் தெரியவில்லை, மாலை 5.20, நிழல்’ என்னும் குறிப்பு, ‘பெண்’ என்னும் ஊகத்தைவிட மதிப்புடையது.